வன்னிக் குளங்களைப் பற்றிய பேச்சை முதலில் வன்னியில் வையுங்கள்

ஆய்வு மாநாட்டு ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் மாநாட்டில் முதல் தடவையாக மேடையேறியவர்களில் நானும் ஒருத்தி. வன்னியின் குளங்களில் எந்தக் காலத்தில் எவ்வளவு பரப்பில் நீர் நிற்கிறது என்பதைச் செய்மதிப் படங்களிலிருந்து கணிக்கும் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசினேன். நீங்கள் என்னை நன்றாகவே நடத்தினீர்கள். அமர்வுத் தலைவர் என் பெயரைத் திருத்தமாக உச்சரித்தார். நேரம் முடியப்போவதைக் கடுகடுக்காமல் சைகையால் சொன்னார். குரல் நடுக்கம் அடங்கும்வரை சபை பொறுத்திருந்தது. எனவே உங்களிடம் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஒரு கோரிக்கை இருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் மாநாடு நடத்தும் மற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்பதால் பகிரங்கமாக எழுதுகிறேன்.

வன்னியின் நிலத்தையோ நீரையோ பற்றிய ஓர் ஆய்வு உங்கள் மேடைக்கு வருமுன், அதே பேச்சு வன்னியில், தமிழில், அந்த நீரை நம்பி விதைக்கிறவர்கள் முன்னிலையில் ஒரு முறை நிகழ வேண்டும். அங்கே எழும் கேள்விகளை உங்கள் மதிப்பாய்வாளர்களின் குறிப்புகளுக்குச் சமமாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குச் செய்யும் உபகாரமாக இதைக் கேட்கவில்லை. ஆய்வு சரியாக அமைய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். காரணத்தை விளக்க, திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இம்மடலை வாசிக்கப் போகிறவர்கள் நீங்கள் மட்டுமல்ல.

வன்னியின் பெரிய குளங்களை எல்லோருக்கும் தெரியும்: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், மன்னாரின் கட்டுக்கரைக்குளம். இவற்றின் நீர்மட்டம் அடிக்கணக்கில் பதிவாகிறது. மாரியில் செய்திகளிலும் வருகிறது. இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு குளங்கள் இருக்கின்றன. கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வரும் அந்தக் குளங்கள் பலவற்றில் நீர்மட்டம் பார்க்க அளவுகோலே கிடையாது. எவ்வளவு தண்ணீர் என்று அறிய வேண்டுமானால் யாராவது கட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

இங்கேதான் செய்மதி பயன்படுகிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தைச் சேர்ந்த சென்டினல்-2 செய்மதிகளில் முதலாவது 2015 இலும் இரண்டாவது 2017 இலும் ஏவப்பட்டன. ஏறத்தாழ 786 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் இவ்வகைச் செய்மதிகள் இரண்டு சேர்ந்து ஓர் இடத்தை ஐந்து நாளைக்கு ஒரு முறை, காலை பத்தரை மணியளவில் படம் எடுக்கின்றன. படத்தின் மிகச் சிறிய கட்டமான ஒரு பிக்சல் நிலத்தில் 10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் கொண்டது. நம் கணக்கில் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 பிக்சல். அமெரிக்காவின் லாண்ட்சாட் செய்மதிப் படத்தில் பிக்சல் 30 மீற்றர் என்பதால் ஏக்கருக்கு நாலரைதான் வரும். இருபது ஏக்கரில் நீர் பரந்திருக்கும் ஒரு குளம் சென்டினல் படத்தில் 800 பிக்சலாகவும் லாண்ட்சாட் படத்தில் 90 பிக்சலாகவும் தெரியும். நீர், அண்மை அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும். பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். செடிகொடிகளோ அந்த அகச்சிவப்பை அள்ளி வீசும். இந்த வேறுபாட்டை ஓர் எண்ணாக மாற்றும் எளிய சூத்திரத்தை மக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1996 இல் வெளியிட்டார். அதன் அடிப்படையில்தான் இன்றும் பலர் வேலை செய்கிறார்கள். லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். சென்டினல் படங்கள் தொடக்கத்திலிருந்தே இலவசம். பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கும் கிளிநொச்சியில் கைத்தொலைபேசி இணைப்பில் வேலை செய்கிறவளுக்கும் ஒரே படம்தான் கிடைக்கிறது. இத்துறையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மாரி வந்ததும் சிக்கலும் வந்துவிடும். குளம் நிறைவது கார்த்திகை, மார்கழியில். அந்த நாட்களில் வானம் மூடிக் கிடக்கும். சென்டினல்-2 எடுக்கும் படத்தில் வெள்ளை முகிலைத் தவிர வேறொன்றும் இராது. அதனால் 2014 முதல் இயங்கும் சென்டினல்-1 வகைச் செய்மதிகளின் ராடார் படங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை ஏறத்தாழ ஐந்தரை சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள நுண்ணலையைச் சரிவாக அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவுசெய்கின்றன. முகில் அதைத் தடுக்காது, இருட்டும் தடுக்காது. அசையாத நீர், கண்ணாடியைப் போல அலையை அப்பால் தெறிக்கவிட்டுவிடுவதால் குளம் கறுப்பாகத் தெரியும். அவ்வகையில் இயங்கிய இரண்டில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகிச் சேவையிலிருந்து விலகியது. அடுத்தது 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. நடுவில் ஒரே ஒரு செய்மதியுடன் காலம் தள்ளினோம்.

இவ்வளவையும் உங்கள் மண்டபத்தில் ஆங்கிலத்தில் 12 நிமிடத்துக்குள் சொன்னேன். பிறகு மூன்று கேள்விகள் வந்தன. துல்லிய வீதம் எப்படிக் கணிக்கப்பட்டது என்று ஒருவர் கேட்டார். கணினியே படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் ஆழ்கற்றல் முறையை ஏன் பயன்படுத்தவில்லை என்று இன்னொருவர். விலைகொடுத்து வாங்கும் நுண்ணிய படங்களோடு ஒப்பிட்டீர்களா என்று மூன்றாமவர். எல்லாம் நியாயமான கேள்விகள். படிப்பில் பழகியவர்கள் கேட்கக்கூடியவை. இதே கேள்விகளைப் பிரேசிலின் குளத்தைப் பற்றிய பேச்சிலும் கேட்கலாம், கானாவின் குளத்தைப் பற்றிய பேச்சிலும் கேட்கலாம். என் படவில்லைகளில் இருந்தது எந்த ஊர்க் குளம் என்று அறிய வேண்டிய தேவை அவற்றில் எதற்கும் இருக்கவில்லை.

சில வாரங்களின் பின் அதே பேச்சை முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு சிறு குளத்தின் கீழுள்ள கிராமத்தில், பொதுநோக்கு மண்டபத்தில் வைத்தேன். கமக்காரர் அமைப்பின் செயலாளர் கூட்டத்தைக் கூட்டித் தந்தார். படவில்லைகளைத் தமிழாக்கி, ஹெக்டேயரை ஏக்கராக்கி, சூத்திரத்தை மட்டும் தூக்கிவிட்டுக் கொண்டுபோனேன். குளத்தின் படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டு மேசையில் விரித்தேன். பேசியது கால் மணி நேரம். கேள்விகள் இருட்டும்வரை நடந்தன.

முதலில் ஒரு பெரியவர் தாளின் மேல் விரலை வைத்து, "பிள்ளை, குளத்தின் தெற்குப் பக்கத்தை ஏன் தரையாகக் காட்டியிருக்கிறீர்கள்? அங்கேதான் ஆழம்" என்றார். தெற்குப் பக்கம் முழுவதும் தாமரையும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் மூடிக் கிடக்கிறது. இலை மூடிய நீர் செய்மதிக்குச் செடியாகத்தான் தெரியும். அகச்சிவப்பு அங்கிருந்து பளிச்சென்று திரும்பி வரும். உங்கள் மாநாட்டில் இது 'வரையறைகள்' என்ற கடைசிப் படவில்லையில் ஒரு வரி. யாரும் அதைப் பார்க்கவில்லை, நேரமும் இருக்கவில்லை. அந்த மண்டபத்தில் அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். எந்தக் குளத்தில் எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, எந்த மாதத்தில் சல்வீனியா காற்றுக்கு ஒதுங்கும், எந்தக் குளத்தைச் சிரமதானத்தில் துப்புரவாக்கினார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் பேனையை வாங்கித் தாளிலேயே கோடு போட்டார். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கும் தரவுகளில் மிகப் பெறுமதியானது.

அடுத்தது வயல். கார்த்திகையில் குளம் மட்டுமா நிறைகிறது? புழுதியில் விதைத்த வயலிலும் மழை தேங்கி நிற்கிறது. பயிர் சிறிதாக இருக்கும் அந்த வாரங்களில் ராடாருக்கு வயலும் கறுப்பு, குளமும் கறுப்பு. குளக்கட்டுக்குக் கீழே உள்ள வயலைக் கட்டின் கோட்டை வைத்துப் பிரித்துவிடலாம். அலைகரைப் பக்கம், குளத்துக்குள்ளேயே விதைக்கப்பட்ட துண்டுகளை எப்படிப் பிரிப்பது? சட்டப்படி அங்கே விதைக்கக் கூடாது. விதைக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அந்தத் துண்டுகள் எங்கே என்று கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெளியே சைக்கிளை எடுக்கும்போது ஓர் இளைஞன் மெதுவாகச் சொன்னான். அவற்றை வரைபடத்தில் குறிப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒரு துல்லிய வீதத்துக்காக ஒருவரின் அரை ஏக்கரை அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுப்பது எப்படிப்பட்ட ஆய்வு என்று உங்கள் நெறிமுறைக் குழுவும் ஒருநாள் இருந்து யோசிக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய பாடத்தைத் தந்தவர் குளத்தில் வலை போடும் ஒரு மீனவர். ராடார் பற்றி நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் சோளகத்தில் உங்களுக்குக் குளம் தெரியாதே, தங்கச்சி. அலை அடிக்குமே?" என்றார். உண்மை. காற்று நீரைக் குலைத்தால் அலைகளில் பட்டு நுண்ணலை செய்மதிக்கே திரும்பி வரும். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகிவிடும். தென்மேற்குக் காற்று ஓங்கும் ஆனி, ஆடியில் பெரிய குளங்களின் படங்களில் இந்தத் தொல்லை இருக்கிறது. அதற்கு அவரே வழியும் சொன்னார். "விடியப்புறம் குளம் சும்மா கிடக்கும். பின்னேரம்தான் குழப்பம்." சென்டினல்-1 ஓர் இடத்தைக் கடப்பது காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும்தான். இரண்டு நேரப் படங்களும் கிடைக்கும் இடத்தில் சோளக மாதங்களுக்குக் காலைப் படத்தை எடு, மாலைப் படத்தை ஒதுக்கு என்பது ஒரு செயன்முறை முடிவு. அதை எனக்குச் சொன்னவர் உங்கள் மதிப்பாய்வாளர் பட்டியலில் இல்லை. பதிவுக் கட்டணம் கட்டி உங்கள் மண்டபத்துக்கு வரவும் மாட்டார்.

பிறகு ஆழம். செய்மதி காட்டுவது பரப்பை. கமக்காரருக்குத் தேவைப்படுவது கன அளவு. பரப்பிலிருந்து கன அளவுக்குப் போக ஒரு வழி உண்டு. தை மாதம் முதல் நீர் இறங்க இறங்க, ஒவ்வொரு படத்திலும் தெரியும் நீரின் விளிம்பு ஒரு சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு. அந்தந்த நாளின் நீர்மட்டம் தெரிந்தால் போதும், கோடுகளை அடுக்கிக் குளத்தின் அடிவடிவத்தை வரைந்துவிடலாம். குளம் வற்றிப்போகும் ஆண்டில் அடிவரை கிடைக்கும். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் போட்ட கன அளவு அட்டவணை தூர் சேர்ந்த பிறகும் பொருந்துமா என்பதையும் இதனால் சோதிக்கலாம். அளவுகோல் இல்லாத குளத்துக்கு நீர்மட்டத்தை எங்கே போய்த் தேடுவது? முன்பு துருசு திறந்து மூடும் வேலை பார்த்த ஒருவர் சொன்னார், "அந்த மருதமரத்தின் வேருக்குத் தண்ணீர் வந்தால் வான் பாய இன்னும் மூன்று அடி இருக்கிறது என்று அர்த்தம்." அந்த மரத்தின் இருப்பிடத்தைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டேன். அந்த ஊரில் அப்படி இன்னும் மரங்கள் இருக்கின்றன. ஒரு பாறையும் இருக்கிறது.

இவற்றில் ஒன்றுகூட என் ஆய்வுச் சுருக்கத்தில் இல்லை. உங்கள் மாநாட்டுக்குப் பின் அல்லாமல் முன் அந்த மண்டபத்துக்குப் போயிருந்தால், நீங்களும் வேறொரு பேச்சைக் கேட்டிருப்பீர்கள். இப்போதுள்ள ஒழுங்கில் அப்படிப் போகும்படி யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சுருக்கம் எழுதுவதற்கான படிவத்தில் எழுத்துருவின் அளவு வரை கேட்கிறீர்கள். இதை எங்கே, யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்பதில்லை.

இன்னொரு கேள்வியைத் தனியே சொல்ல வேண்டும். கிராமத்தில் நான் முதல் படத்தைத் திரையில் போட்டவுடனே, பேச்சைத் தொடங்கும் முன்பே, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "இது எந்த வருடத்துப் படம்?"

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சாதாரணக் கேள்வியாகப் படலாம். இந்த நிலத்தைச் செய்மதிகள் மிகக் கூர்ந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. போர் முடியும் தறுவாயில், 2009 இன் முதல் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தின் படங்களை ஐ.நா.வின் யுனோசாட் நிறுவனமும், அமெரிக்காவின் அறிவியல் முன்னேற்றச் சங்கமும் ஆராய்ந்தன. கூடாரங்கள், குழிகள், எரிந்த கூரைகள் என்று எண்ணினார்கள். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் அளித்த அறிக்கையிலும் செய்மதிப் படங்கள் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்தப் படங்களுக்குள் இருந்தவர்களுக்கு அவற்றை விரித்துவைத்து, இது சரியா என்று கேட்ட கூட்டம் ஒன்றைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. புவி அவதானிப்பு என்ற தலைப்போடு வன்னிக்குள் வரும் எவரும் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த படவில்லைக்குப் போக வேண்டும். நான் 2023 என்றேன். அவர் தலையசைத்தார், பிறகு பேசவிட்டார்.

அதே கேள்வி அறிவியலுக்கும் தேவைப்படுகிறது. இங்கே பல கிராமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடம்பெயர்ந்தவை. விட்டுப்போன வயலில் முதலில் புல் வந்தது, பிறகு பற்றை, பிறகு மரம். மீளக்குடியேறி வந்தவர்கள் தங்கள் வயல் காடு என்று எல்லையிடப்பட்டிருப்பதைக் கண்டதாக முறைப்பாடு செய்வது வன்னியில் புதிதல்ல. நிலப்பயன்பாட்டை வகைப்படுத்தும் ஓர் ஆய்வாளர் 2010 ஆம் ஆண்டின் படத்தை அடிப்படையாக எடுத்தால், கணினி அதைக் காடு என்றே சொல்லும். பிறகு அதைத் துப்புரவாக்கி விதைத்தவரைக் காடழித்தவர் என்று சொல்லும். கணினி பொய் சொல்லவில்லை. வருடத்தைத் தேர்ந்தெடுத்தவர்தான் பாதிக் கதையை வெட்டிவிட்டார். 1984 இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 5 இன் பழைய படங்களில் வரப்புகள் தெரியாது. ஆனால் மார்கழியில் பச்சையாகிப் பங்குனியில் பழுப்பாகும் நிலம், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் காட்டிலிருந்து வேறுபட்டுத் தெரியும். முகிலில்லாத படம் கிடைத்தால் அது வயல் என்று காட்ட முடியும். பின்னர் வந்த லாண்ட்சாட் 7 இல் 2003 மே மாதம் ஒரு கருவி பழுதாகி, அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 வீதம் கோடு கோடாகக் காணாமற்போனது. போர்க்காலத்தின் கடைசி ஆண்டுகளைத் தேடுகிறவர்களுக்கு அதுவும் ஒரு தடை. இவையெல்லாம் தெரிந்த பிள்ளைகள் உங்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனியாக நிற்கிறது. காணிப் பிரச்சினை உள்ள கிராமங்கள் அவற்றிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். குளத்தின் நீர் அளவு இங்கே அரசியல். மாவட்டச் செயலகத்தில் நடக்கும் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் அடிக்கணக்கை வாசிக்க, அதை வைத்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகிறது. யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்பது அந்த எண்ணில் தொங்குகிறது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் பேசப்பட்ட ஆண்டுகளில் கிளிநொச்சி விவசாயிகளின் வாதமும் இந்த எண்ணைப் பற்றியதுதான். 2018 டிசம்பரில் இரணைமடு வான் பாய்ந்து ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, கதவுகளை எப்போது திறந்தார்கள் என்பதே பெரும் விவாதமானது. இப்படிப்பட்ட இடத்தில் ஓர் இளம் ஆய்வாளர் போய்ப் 'படத்தில் இவ்வளவு ஏக்கர் நீர் தெரிகிறது' என்று சொன்னால் அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பரப்பைக் கன அளவு என்று யாராவது தவறாக எடுத்துக்கொண்டு கூட்டத்தில் சண்டை பிடிக்கலாம். வெள்ளத்தை முன்கூட்டியே சொல்லுமா என்றும் அந்தக் கிராமத்தில் கேட்டார்கள். சொல்லாது என்றேன். பல நாளைக்கு ஒரு முறை வரும் ராடார், ஒரே இரவில் ஏறி அடுத்த நாள் வடியும் வெள்ளத்தைத் தவறவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். இதை நேரே சொன்னபோது யாரும் ஏமாற்றமடையவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால்தான் சிக்கல்.

ஆகவேதான் அந்தக் கூட்டத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தொழினுட்ப உத்தியோகத்தரும் கமநல சேவை நிலையத்தினரும் கமக்காரரோடு ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்கிறேன். தனி ஆளாக ஒரு மாணவி அவர்களைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். பல்கலைக்கழக முத்திரையோடு உங்கள் கடிதம் போனால் வருவார்கள். அவர்களிடம் அன்றாட நீர்மட்டப் பதிவேடுகள் இருக்கின்றன. செய்மதி கடந்த நாட்களின் பதிவு மட்டும் கிடைத்தாலே ஒரு முழு ஆய்வு நடக்கும்.

இந்தக் கோரிக்கையைச் சில மூத்தவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னபோது வந்த பதில்களையும் எழுதிவிடுகிறேன். 'பொதுமக்களுக்கு இது விளங்காது' என்றார் ஒருவர். காற்று அடித்தால் ராடாருக்கு என்ன ஆகும் என்று கேட்ட மனிதரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்; அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 'ஆங்கிலத்தில் பேசிப் பழகாவிட்டால் வெளிநாட்டில் எப்படிப் பேசுவாய்?' என்றார் இன்னொருவர். ஆங்கில அமர்வை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை, அது இருக்கட்டும். அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை தமிழையும் அரசகரும மொழி என்கிறது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. வன்னியைப் பற்றி வன்னியில் பேச இணைப்பு எதற்கு? தவிர, முதல் பேச்சுக்கு நிற்கிறவருக்குத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது ஆங்கிலப் பேச்சுக்கும் உதவும். எதை உண்மையில் விளங்கிக்கொண்டோம், எதைக் கட்டுரைகளிலிருந்து சொல்லோடு சொல்லாக எடுத்து வந்தோம் என்பது தமிழில் விளக்க முயலும்போது உடனே பிடிபட்டுவிடும். 'செலவு' என்றார் மூன்றாமவர். பெயர் அச்சிட்ட பை, நினைவுச் சின்னம், பொன்னாடை எல்லாம் எந்தக் கணக்கில் வருகின்றன என்று கேட்க நினைத்தேன். அவருக்கும் அன்று ஒரு பொன்னாடை போர்த்தியிருந்தார்கள், பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் கேட்பது பெரிய ஏற்பாடு அல்ல. வன்னி சார்ந்த சுருக்கங்கள் தெரிவானவுடன், அவற்றுள் முதல் தடவை பேசுகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, மாநாட்டுக்கு முன் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒரு நாளில் நான்கு பேச்சு போதும். கேள்விக்கு நேரம் வேண்டும். படங்களைத் திரையில் மட்டும் காட்டாமல் தாளிலும் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். தாளில் கோடு போடலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். கேள்விகளை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அவற்றுக்கு ஆய்வாளர் என்ன பதில் சொன்னார், எதை மாற்றினார் என்பது சுருக்கங்களின் தொகுப்பில் தமிழில் ஒரு பக்கமாவது வரட்டும். மரத்தையும் காற்றையும் காட்டித் தந்தவர்கள் விரும்பினால் அவர்களின் பெயர் நன்றியுரையில் இடம்பெறட்டும். விரும்பாவிட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். அலைகரைத் துண்டுகள் போன்றவற்றை யாரும் கேட்காமல் வரைபடத்தில் ஏற்றாதீர்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். வசதியான மாதம் என்று ஆவணியில் வைத்தால் அதனால் ஊருக்குப் பெரிய பயன் இராது. மாசிக் கடைசியில் அல்லது பங்குனித் தொடக்கத்தில், சிறுபோகக் கூட்டத்துக்கு முன் வையுங்கள். அப்போது மாரி முழுவதற்குமான ராடார் படங்கள் கையில் இருக்கும், முகிலும் விலகியிருக்கும், காலபோக அறுவடையும் பெரும்பாலும் முடிந்திருப்பதால் ஆட்களுக்கு வர நேரமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம், கோயிலும் தேவாலயமும் இருக்கின்றன. பிற்பகல் இரண்டு மணி நல்லது. கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடலாம்.

நான் பேசிய கிராமத்தின் கமக்காரர் அமைப்புச் செயலாளரிடம் கேட்டுவிட்டேன். பொதுநோக்கு மண்டபம் கட்டணமில்லாமல் கிடைக்கும். மின்சாரம் போனால் ஜெனரேற்றரை ஓர் அரிசி ஆலைக்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். படமெறி கருவியையும் திரையையும் நாங்கள் கொண்டுவருகிறோம். நீங்கள் செய்ய வேண்டியது திணைக்களங்களுக்குக் கடிதம் அனுப்புவதும், உங்கள் குழுவிலிருந்து குறைந்தது இரண்டு பேர் வந்து பின்வரிசையில் இருந்து கேட்பதும்தான். தை மாதம் முடியுமுன் பதில் தந்தால் ஊரில் நாள் குறித்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் மாநாட்டில் முதல் தடவை பேசிய ஒருத்தி,
கிளிநொச்சி